யுரேகாவில் பார்த்த ‘டாங்கி’ எஞ்சின்

போன ஜூனில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101 நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். யுரேகா ஊரின் ஹம்போல்ட் கோட்டைப் பூங்காவில் பழைய மரவெட்டு எந்திரங்களை வெளியிலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அப்பா சாமிலில் வேலை பார்த்தவர். அதனால் இதையெல்லாம் தாண்டிப் போக என்னால் முடியாது.

அங்கே வெட்டிய மரத்தடிகளைக் காட்டிலிருந்து இழுத்துவரும் டோல்பியர் நீராவி எஞ்சின் முன்னால் நின்றது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. நெட்டுக்குத்தாக ஒரு பாய்லர், ஒற்றை சிலிண்டர், கயிறு சுற்றும் உருளை. அவ்வளவுதான். இத்தனை சின்னதா ரெட்வுட் தடியை இழுத்தது! (நம்மூர்ச் செம்மரம் வேறு, இது 300 அடிக்கு மேலும் வளரும்.) வில்லியம் கார்சனோடு கூட்டாக யுரேகாவில் மரத்தொழில் நடத்திய ஜான் டோல்பியர் 1881இல் இதை உருவாக்கி, 1882இல் காப்புரிமை வாங்கினார். கப்பலில் சரக்கு ஏற்றும் சின்ன எஞ்சினை ‘டாங்கி’ என்பார்கள்; அந்தப் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் தடி இழுத்தது பெரும்பாலும் மாடுகள்தான்.

சக்கரமே கிடையாது. பெரிய மரத்தடிகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்னே காட்டுக்குள் எப்படிப் போகும்? கயிற்றின் நுனியைத் தூரத்து மரத்தில் கட்டிவிட்டு எஞ்சினை ஓட்டினால், கயிற்றைச் சுற்றச் சுற்றத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நகரும்! தடி வந்து சேர்ந்ததும் கயிற்றைத் திரும்பக் காட்டுக்குள் கொண்டுபோக ஒரு குதிரை. உருளைப் பக்கத்தில் ஒருத்தர் நின்று, கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்வார். ஓடும் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க. அப்பாவுக்கு இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். அந்த உருளையைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

*

எஞ்சின் ஓடியதைப் பார்த்தாயா என்று ஒரு அண்ணா கேட்டார். பார்த்தேன் அண்ணா, நான் போனது நீராவி ஏற்றி ஓட்டிக் காட்டிய நாளில். விசில் அடித்ததும் என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. ஈர விறகுப் புகை வாசம் சட்டையில் ராத்திரி வரைக்கும் இருந்தது.

மறுநாள் வடக்கே ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குப் போனோம். வழியில் பழைய அடிக்கட்டைகளில் ஆள் உயரத்தில் குழி வெட்டியிருந்ததைப் பார்த்தேன். அடிமரம் அகலம் என்பதால் குழியில் பலகை செருகி, அதன்மேல் நின்று அறுத்திருக்கிறார்கள். அந்தப் பழங்காட்டில் இன்று 100க்கு 5 பங்குதான் மிச்சம். எஞ்சினை அவ்வளவு ஆசையாகப் பார்த்துவிட்டு வந்தவன்தான் நான். அந்தக் கட்டையில் கை வைத்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

ஓட்டிக் காட்டும் நாட்கள் வருஷத்தில் சிலதான். விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.