'டோன்' எல்லாம் தொனி ஆகுமா?

நண்பர்களே,

ஆங்கில 'டோன்' (tone) வருகிற இடமெல்லாம் தமிழில் 'தொனி' என்று போட்டுவிடலாம் என்கிற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. 'என்ன தொனியில் பேசுகிறான் பார்!' என்னும் இடத்தில் அது அருமையான சொல், அங்கே கைவைக்க வேண்டாம். இலக்கியத் திறனாய்வில் மட்டும் கவனம் தேவை. 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனரின் கோட்பாட்டையும் தொனி என்றுதான் எழுதுகிறோம். அது சொல்லாமல் உணர்த்தும் பொருள். எழுதுபவரின் மனப்போக்கு குரலில் தெரிவதுதான் 'டோன்', அது வேறு.

மொழியியலில்தான் பெரிய சிக்கல். 'வந்துட்டான்' என்பதைக் கடைசியில் தூக்கினால் கேள்வி, இறக்கினால் செய்தி. எப்படிச் சொன்னாலும் வந்தவன் வந்தவன்தான். இதற்கு 'ஏற்ற இறக்கம்' போதும். பஞ்சாபியில் கதையே வேறு: 'கோடா' என்பதைச் சமமாகச் சொன்னால் சாட்டை, தாழ்த்திச் சொன்னால் குதிரை, உயர்த்திச் சொன்னால் தொழுநோயாளி! நன்னூலின் எடுத்தல், படுத்தல், நலிதலை (குரலை உயர்த்தல், தாழ்த்தல், இடைநிலையில் ஒலித்தல்) இதற்குக் கொண்டுவர ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்னூலார் அவற்றை எழுத்தின் பிறப்பைச் சொல்லும் இடத்தில், ஒலியில் நேரும் சிறு திரிபாகவே காட்டுகிறார். சொல்லே வேறாகிவிடும் என்ற பேச்சு அங்கில்லை. ஆகவே பஞ்சாபி, சீனம் போன்றவற்றுக்குச் 'சுரமொழி' என்பது என் பரிந்துரை. காய்ச்சல் கண்ட மொழியா என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும்.

மருத்துவத்தில் ஒலிக்கே வேலையில்லை. சும்மா இருக்கும்போதும் தசையில் நிற்கிற லேசான இழுவிசைதான் அங்கே டோன். கிரேக்க மூலச் சொல்லுக்கே இழுத்துக் கட்டுதல் என்றுதான் பொருள். தந்தியை இழுத்துக் கட்டியதால் எழுந்த ஒலிக்கு அப்புறம்தான் அந்தப் பெயர் போனது. பச்சைக் குழந்தையைத் தூக்கும்போது கைகால் துவண்டு தொங்கினால் டாக்டர் 'டோன் கம்மி' என்பார். அதைத் 'தொனி குறைவு' என்று அறிக்கையில் எழுதினால், பிள்ளை சத்தமாக அழவில்லை என்றுதான் தாய் நினைப்பாள். 'தசை இறுக்கம்' என்றாலோ அதுவே நோய்போல் ஒலிக்கிறது. 'தசைமுறுக்கு' சரியாக வரும்: முறுக்கு தளரலாம், ஏறலாம்.

அச்சில் சாம்பல் நிறத்தைச் சிறிதும் பெரிதுமான கறுப்புப் புள்ளிகளால் காட்டும் 'ஹாஃப்டோன்' இன்னொன்று. அதை 'அரைத்தொனி' ஆக்கினால், கர்நாடக இசையில் சுத்த மத்திமம், பிரதி மத்திமம் என்னும் இரு சுரங்களுக்கு இடையிலுள்ள அரைப்படியோடு போய்க் குழம்பும். 'புள்ளிச்சாயல்' என்று வைக்கலாமா? அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரிங்டோன் ரிங்டோனாகவே இருக்கட்டும்.