எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்?

மெல்லியதிரை:
வணக்கம். மார்ட்டின் லோகன் எலக்ட்ரோமோஷன் இஎஸ்எல் ஜோடி ஒன்று கைமாறி என்னிடம் வந்திருக்கிறது. இதில் வயலினும் பெண் குரலும் கேட்டபிறகு பழைய பெட்டி ஸ்பீக்கருக்குத் திரும்ப மனமே வரவில்லை. ஆனால் கையில் இருக்கும் 50 வாட் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) திணறுகிறது. மேல்மூடி தொட முடியாத அளவு சுடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. ஸ்பீக்கரின் விவரத்தாளில் இம்பீடன்ஸ் (ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு) 6 ஓம் என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே 20 கிலோஹெர்ட்ஸில் 1.6 ஓம் என்றும் போட்டிருக்கிறார்கள். ஓம் குறைந்தால் ஆம்ப் தள்ள வேண்டிய கரண்ட் கூடுமே, அந்த 1.6-தான் பயமுறுத்துகிறது.

பார்த்து வைத்திருப்பவை மூன்று. இஎல்34 வால்வு (கண்ணாடிக் குழாய்) போட்ட 40 வாட் புஷ்-புல் ஒன்று. 8 ஓமில் 120 வாட் தரும் கனமான கிளாஸ் ஏபி (வழக்கமான டிரான்சிஸ்டர் ரகம்) ஒன்று. 200 வாட் கிளாஸ் டி (டிரான்சிஸ்டர்களை மிக வேகமாகப் போட்டு அணைக்கும் ரகம்) ஒன்று. சின்ன அறை, 3 மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்கிறேன். வாட் அதிகம் இருந்தால் போதுமா?

ஓம்விதி:
வாட்டை முதலில் ஒதுக்கி வையுங்கள். அந்த அறைக்கு மூன்றிலுமே சத்தம் போதும்.

எலக்ட்ரோஸ்டேட்டிக் பேனல் என்பது ஆம்புக்கு ஒரு பெரிய கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தரும் பாகம். துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகள், நடுவே சில ஆயிரம் வோல்ட் ஏற்றிய மெல்லிய பிலிம், அதற்கு முன்னால் வோல்டேஜைப் பல மடங்கு உயர்த்தும் டிரான்ஸ்பார்மர். அதிர்வெண் இரட்டித்தால் கெப்பாசிட்டரின் இம்பீடன்ஸ் பாதியாகும். 20 கிலோஹெர்ட்ஸில் 1.6 என்றால் 10-ல் சுமார் 3, 5-ல் சுமார் 6 ஓம். இசையில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் சக்தி மிகக் கொஞ்சம். அதனால் அந்த 1.6 ஓமுக்குள் யாரும் 200 வாட்டைத் தள்ளப்போவதில்லை.

பிறகு ஏன் சுடுகிறது? கெப்பாசிட்டரில் கரண்ட் வோல்டேஜுக்கு முன்னால் ஓடும். வெளியே வோல்டேஜ் பூஜ்யத்தைத் தாண்டும் நேரத்தில் கரண்ட் உச்சத்தில் நிற்கும். அந்த நொடியில் சப்ளை வோல்டேஜ் முழுவதையும் அவுட்புட் டிரான்சிஸ்டர்தான் தாங்குகிறது. ஸ்பீக்கர் தின்னாத சக்தி ஹீட் சிங்கில் (ஆம்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) போய் வெப்பமாகிறது.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு வேறொரு சந்தேகம். இந்த மாதிரி லோடில் (சுமையில்) சில ஆம்ப்களின் ஃபீட்பேக், அதாவது வெளியீட்டைத் திரும்ப உள்ளே எடுத்துப் பிழை திருத்தும் ஏற்பாடு, நிலைகுலைந்து, காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே அதிர ஆரம்பிக்கும். நமக்கு ஒன்றும் கேட்காது, சூடு மட்டும் ஏறும். பாட்டே ஓடாதபோதும் சுடுகிறதா? என்ன ஒயர் போட்டிருக்கிறீர்கள்?

மெல்லியதிரை:
ஆமாம், பாட்டு இல்லாமல் சும்மா விட்டாலும் சுடுகிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் ஆறிவிடுகிறது. ஒயர், பல இழைகளைப் பின்னல் போட்ட தட்டையான ரகம். ஸ்பீக்கரோடு சேர்ந்து வந்தது.

ஓம்விதி:
அப்படியானால் அந்த இணைப்பை இப்போதே கழற்றுங்கள். அந்தப் பின்னல் ஒயருக்கே கெப்பாசிட்டன்ஸ் அதிகம், பேனலோடு அதுவும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண இரட்டை ஒயர், தடிமனாக, முடிந்தவரை குட்டையாகப் போடுங்கள்.

ஆம்ப் வாங்கும்போது இரண்டு விஷயம் விசாரியுங்கள். 8 ஓமோடு 2 மைக்ரோஃபாரட் சேர்த்துச் சோதித்தபோது ஸ்கொயர் வேவ் (சதுர வடிவச் சோதனை அலை) எப்படி இருந்தது, 20 கிலோஹெர்ட்ஸில் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் சொந்த உள் எதிர்ப்பு) எவ்வளவு. 120 வாட் கிளாஸ் ஏபி 4 ஓமில் 200-ஐத் தாண்டி, 2 ஓமுக்கும் கணக்குக் கொடுத்திருந்தால் என் ஓட்டு அதற்குத்தான்.

இளஞ்சூடு:
வால்வை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். குவாட் கம்பெனியின் பீட்டர் வாக்கர் 1957-ல் கொண்டுவந்த முதல் குவாட் எலக்ட்ரோஸ்டேட்டிக் 15 வாட் குவாட் 2 வால்வு ஆம்பில்தான் பாடியது. நான் வேறொரு பேனல் ஸ்பீக்கரை வால்வில் கேட்கிறேன், குரல் அப்படியே எதிரே வந்து நிற்கிறது. 4 ஓம் டேப்பில் (ஆம்பில் 4 ஓம் என்று குறித்த ஸ்பீக்கர் முனை) மாட்டுங்கள், 2 ஓம் டேப் இருந்தால் இன்னும் நல்லது.

ஓம்விதி:
குரல் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓம் இருந்தாலே இந்த ஸ்பீக்கரில் 20 கிலோஹெர்ட்ஸில் 1.5 முதல் 4 டெசிபெல் வரை இறங்கிவிடும். சிலருக்கு அது இதமாக இருக்கும். வயலினின் வில் உரசலைத் தேடுகிறவருக்கு அது இழப்பு. 1957 குவாட் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: அதன் எல்லை 33 வோல்ட் பீக் (உச்சம்). 8 ஓமில் 100 வாட் ஆம்ப் 40 வோல்ட் பீக் வரை போகும். பெரிய ஆம்பை மாட்டினால் பேனலுக்கே ஆபத்து.

வடிகட்டி:
கிளாஸ் டி பற்றி. அவுட்புட்டில் காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர் இருக்கும். ஃபீட்பேக்கை அதற்கு முன்னாலேயே எடுக்கும் டிசைனில் லோடு மாறினால் ட்ரெபிளும் (உயர் அதிர்வெண் ஒலி) மாறும். ஃபில்டருக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஹைபெக்ஸ் என்கோர், ப்யூரிஃபை மாதிரி மாட்யூலில் (தயார் நிலை ஆம்ப் பலகை) அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. உள்ளே எந்த மாட்யூல் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

மெல்லியதிரை:
ஒயரை மாற்றிவிட்டேன். பாட்டு இல்லாதபோது வரும் சூடு நின்றுவிட்டது. சத்தம் கூட்டினால் இன்னும் சுடுகிறது, ஆனால் அணையவில்லை. கிளாஸ் ஏபியை வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

ஓம்விதி:
நல்லது. மாட்டியதும் பாட்டுப் போடாமல் அரை மணி நேரம் விட்டு ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் இருந்த சூடுதான் இருக்க வேண்டும். அப்புறம் வயலினைப் போடுங்கள்.