பார்டர்லைன் என்று எழுதிக் கொடுத்த பிறகு: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மஞ்சக்குப்பம் வாசி:

டிஎம்டி, அதாவது நகரும் பட்டையில் நடக்கவிட்டு ஈசிஜி எடுக்கும் ஓட்டப் பரிசோதனை, செய்துகொண்டவர்களுக்கு அந்த அறையை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வயது 46. அதை 220-இலிருந்து கழித்து வரும் 174-இல் 85 விழுக்காடு, அதாவது 148 துடிப்பை எட்டினால் போதும் என்றார்கள். முதல் இரண்டு கட்டங்களிலும் பரிசோதனை செய்த பெண் என் வேலையைப் பற்றியும், கெடிலத்தில் இந்த ஆண்டு தண்ணீர் வந்ததா என்பதைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் கட்டத்தில், எட்டு நிமிடம் கடந்திருக்கும், பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்தினார். என் பக்கமாகக் குனிந்தார். முகம் இறுகியது. பிறகு திரையைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்றவரைக் கையசைத்து அழைத்தார். இருவரும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அறிக்கையில் ‘பார்டர்லைன்’ என்று இருந்தது, நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. எஸ்டி இறக்கம் (ஈசிஜி கோட்டின் ஒரு பகுதி வழக்கத்தைவிடத் தாழ்வது) மேல்நோக்கிச் சாய்வாகத்தான் இருக்கிறது, ஒரு மில்லிமீட்டரைத் தொடவில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், அதுவரை தினமும் நடங்கள் என்று மருத்துவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒரு மில்லிமீட்டர் என்பது அந்த வரைபடத் தாளில் ஒரு சிறு கட்டம். அந்தச் சிறு கட்டத்துக்குள் நான் நான்கு மாதமாகக் குடியிருக்கிறேன். இரவில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடித்துடிப்பை எண்ணுவது வழக்கமாகிவிட்டதால் மனைவி அதன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார். இப்போது கைப்பேசி வெளிச்சத்தில் எண்ணுகிறேன். மருத்துவர் சொன்னது எனக்குப் புரிகிறது. அந்தப் பெண் ஏன் பேச்சை நிறுத்தினார் என்பதுதான் புரியவில்லை.

முத்தியால்பேட்டை அம்மா:

உங்களுக்காவது மனிதர்கள் பயம் காட்டினார்கள் தம்பி. என்னைப் பயமுறுத்தியது இயந்திரம். கண்புரை அறுவைக்கு முன்பு எடுத்த ஈசிஜி தாளின் மேல்மூலையில், இதயத்தின் முன்பகுதியில் மாரடைப்பு ஏற்பட்டிருக்கலாம், எப்போது என்று கணிக்க இயலாது என்ற பொருளில் அதுவே அச்சடித்திருந்தது. தாளை என் கையில் கொடுத்து வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். படிக்காமல் இருக்க முடியுமா?

எனக்கே தெரியாமல் எனக்கு மாரடைப்பு வந்திருக்கிறது என்றால் அது எந்த நாள் என்று அந்தப் பெஞ்சிலேயே தேட ஆரம்பித்தேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயல் கரையைக் கடந்தபோது, பின்கட்டுக் கதவு பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க நானும் என் மாமியாரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் சாய்ந்து நின்றோம். அன்று இடது தோளிலிருந்து மார்பு வரை வலித்தது. அதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். என் மாரடைப்புக்கு நாள், நேரம், சாட்சி எல்லாம் கிடைத்துவிட்டன.

அன்று மாலை மருத்துவர் தாளைப் பார்த்தார். மார்பில் ஒட்டும் மின்முனைகளை ஒரு விலா இடைவெளி மேலே வைத்தாலே இப்படிக் காட்டும், பெண்களுக்கு இது அடிக்கடி நடப்பதுதான் என்று சொல்லி, சரியான இடத்தில் வைத்து மறுபடி எடுக்கச் செய்தார். இரண்டாவது தாளில் அந்த வரி இல்லை. எக்கோ என்கிற இதய ஸ்கேனிலும் குறை இல்லை. ஆனால் முதல் தாளை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

நெல்லிக்குப்பம் நண்பர்:

முத்தியால்பேட்டை அம்மா சொன்னதைப் படித்துவிட்டு எல்லோரும் ‘எல்லாம் இயந்திரக் கோளாறு’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் தாய்மாமாவுக்கு டிஎம்டி பார்டர்லைன் கூட இல்லை, சுத்தமாக நெகட்டிவ், அதாவது குறை ஏதுமில்லை. அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருந்தார். ஏழாவது வாரம், கரும்பு லோடு எடை போட வரிசையில் டிராக்டரில் காத்திருந்தபோது, எதிரே நின்றவரிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டுக் கையை நீட்டியவர் அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்தார். நீட்டிய கை மடங்கவே இல்லை. பிழைத்துவிட்டார், ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தக்குழாயைப் பெரிதாக அடைக்காத சிறு கொழுப்புப் படிவம் திடீரென வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்தாலும் மாரடைப்பு வரும், ஓட்டப் பரிசோதனையில் அது தெரியாது என்று பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நெகட்டிவை நம்பியவருக்கே இந்தக் கதி என்றால், பார்டர்லைனை ஆறு மாதம் கிடப்பில் போடச் சொல்வது எந்த ஊர் வைத்தியம்?

லாஸ்பேட்டை ஓய்வூதியர்:

எனக்கு எக்கோவில் இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் விழுக்காடு, 52 என்று வந்தது. இரண்டு வாரம் கழித்து வேறிடத்தில் 58 என்று வந்தது. இதயம் அதே இதயம்தான். என் கதை அவ்வளவே. ஆனால் மஞ்சக்குப்பம் நண்பருக்குச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, நாடியை எண்ணுவதை நிறுத்துங்கள். எண்ணினால் ஐந்து நிமிடம் நிம்மதியாக இருக்கும், ஆறாவது நிமிடம் மறுபடி எண்ணத் தோன்றும். எண்ண எண்ணத்தான் இந்த அரிப்பு வளரும். என் மருமகன் கைக்கடிகாரத்திலேயே துடிப்பைக் காட்டும் ஒன்றை வாங்கிக் கொடுத்தான், நான் அதைப் பேரனின் விளையாட்டுச் சாமான் பெட்டியில் போட்டுவிட்டேன். இரண்டாவதாக, ஒரே மருத்துவரிடம் போங்கள். கடலூரில் ஒருவர், புதுச்சேரியில் ஒருவர், சென்னையில் ஒருவர் என்று அலைந்தால் ஒரே தாளுக்கு மூன்று விதமாகப் பொருள் சொல்வார்கள், உங்களுக்கு எது அதிகம் பயமோ அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள். ரத்தச்சோகை இருந்தாலும், பயத்தில் மூச்சை வேகமாக இழுத்தாலும்கூட ஈசிஜி கோடு சற்று மாறும் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் தீரவே இல்லையென்றால் சிடி ஸ்கேன் மூலம் கால்சியம் ஸ்கோர் (இதய ரத்தக்குழாய்களில் படிந்த சுண்ணாம்பின் அளவு) பார்க்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். 0 என்றால் நல்ல செய்தி, 100-க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும், 400-ஐத் தாண்டினால் தீவிரமாகக் கவனிக்க வேண்டும். ஆனால் அதிலும் 3, 7 என்று ஏதாவது வந்து அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

மூன்றாவதாக, உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது. கடலூர்க்காரர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் அந்தக் கணக்கு மதியத்துக்குள் முடிந்துவிடும். நான்காவதாக, நடை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. நீங்கள் தேவனாம்பட்டினத்தில் நடக்கலாம், ஆனால் மணலில் வேண்டாம், முழங்கால் போய்விடும். ஐந்தாவதாக, மார்பில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்து ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆறாவதாக, பயம் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் ஏதுமில்லை. நான் பார்த்தேன், அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நெல்லிக்குப்பம் நண்பர்:

ஐயா, கருவாட்டுக்கும் எஸ்டி இறக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை. மஞ்சக்குப்பம் நண்பர் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அந்தப் பெண் ஏன் பேச்சை நிறுத்தினார் என்று. அதற்கு நம்மில் யாரும் பதில் சொல்லவில்லை, நான் உட்பட.

அரியாங்குப்பம், முன்னாள் ஈசிஜி பணியாளர்:

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பதினொரு ஆண்டுகள் நான் செய்த வேலை அது. ஒவ்வொரு கட்டமும் மூன்று நிமிடம். பெரும்பாலும் அதன் கடைசி நிமிடத்தில் ரத்த அழுத்தம் எடுப்போம். மூன்றாம் கட்டத்தின் கடைசி நிமிடம் என்பது எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில். ஓடுகிறவரின் கையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அந்த ‘டொக் டொக்’ ஓசையைப் பிடிப்பது எளிதல்ல. மோட்டார் இரைச்சல், காலடிச் சத்தம், கையின் ஆட்டம் எல்லாவற்றையும் தாண்டி அது கேட்க வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் பேச்சை நிறுத்துவோம், மூச்சைக்கூட அடக்குவோம். அப்போது எங்கள் முகம் எப்படியிருக்கும் என்று ஒருநாள் எதிர்க் கண்ணாடியில் பார்த்தேன். சாவுச் செய்தி சொல்ல வந்தவள் போல இருந்தது.

திரையில் உண்மையிலேயே ஆபத்தாக ஏதாவது தெரிந்திருந்தால் அவர் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்த்திருப்பார், மார்பு வலிக்கிறதா என்று கேட்டிருப்பார், இயந்திரத்தை நிறுத்தியிருப்பார். இன்னொருவரை எதற்கு அழைத்தார் என்று எனக்குத் தெரியாது. கையைத் தாங்கிப் பிடிக்கவாக இருக்கலாம். அடுத்த ஆளைத் தயார் செய்யச் சொல்லியிருக்கலாம். டீ வந்துவிட்டதா என்று கேட்க நானே பலமுறை கையசைத்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் வாசி:

காலையிலிருந்து நான்கைந்து முறை படித்துவிட்டேன். அவர் காதில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. அதன் வட்டம் முழங்கை மடிப்பில் சில்லென்று பட்டதும், கையில் கட்டிய பட்டை இறுகியதும் இப்போது நினைவுக்கு வருகின்றன. முகத்தை மட்டும் நான்கு மாதம் வைத்திருந்தேன், காதை விட்டுவிட்டேன்.

கையசைத்தது மட்டும் இன்னும் உறுத்துகிறது. டீக்காகத்தான் என்று நம்ப முயல்கிறேன். மனைவியிடம் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் போய்க் கடிகாரத்துக்குப் பேட்டரியைப் போட்டார். நேற்றிரவு ஒருமுறைதான் எண்ணினேன், 74. சரியாக எண்ணினேனா என்று சந்தேகம் வந்தபோது மணி இரண்டரை, மறுபடி எண்ணுவதற்குள் தூங்கிவிட்டேன்.