ந. முத்துசாமி நாடகாசிரியரா, நடிகர்களைத் தயாரித்தவரா?

செவ்வந்தி: முத்துசாமி பேரைச் சொன்னாலே பசுபதி, குரு சோமசுந்தரம், அவருடைய கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதிய விஜய் சேதுபதி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பத்மஸ்ரீ (2012) வாங்கியவர் எழுதிய நாடகத்தில் ஒன்றை யாராவது படித்திருக்கிறீர்களா? 'நாற்காலிக்காரர்'?

கடைசிபெஞ்ச்: படித்தேன். பாதியில் மூடி வைத்தேன். ஒருத்தர் பேசிக்கொண்டே போகிறார், கதை நகரவே மாட்டேன் என்கிறது. நாடகாசிரியர் என்ற பட்டம் சிற்றிதழ்க்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது. அவருடைய உண்மையான சாதனை 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை. சினிமாவுக்கு ஆள் கொடுத்தது, அவ்வளவுதான்.

செவ்வந்தி: கதை நகர வேண்டும் என்று யார் சொன்னது? 1960களின் கடைசியில் 'காலம் காலமாக' எழுதியபோது தமிழ் மேடையில் சபா நாடகம்தான் கொடிகட்டிப் பறந்தது. வரவேற்பறை, சோபா, ரெண்டு ஜோக், ஒரு கண்ணீர். அதை உடைத்த மனுஷனிடம் போய் கதை எங்கே என்று கேட்டால் எப்படி?

செய்யாற்றுக்காரன்: எனக்கு வேறொரு குறை. அவர் ஊர் புஞ்சை, காவிரிப் பாசனப் பகுதி. 'நற்றுணையப்பன்' என்ற நாடகத் தலைப்பே அந்த ஊர்ச் சாமி பெயர்தான். தெருக்கூத்தோ எங்கள் வட மாவட்டத்துச் சொத்து. புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் நடேசத் தம்பிரான் ஆட்டத்தைப் பார்த்து மயங்கிப் போனார், அந்தக் கூத்தைப் பற்றி எழுதி எழுதி நகரத்தார் கண்ணில் படவைத்தார், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் ஃபோர்டு ஃபவுண்டேஷன் அறக்கட்டளையிலிருந்து கூத்துப்பட்டறைக்குப் பணம் வந்தபோது முழுநேரச் சம்பளம் யாருக்கு? பட்டறைப் பிள்ளைகளுக்கு. விடிய விடிய ஆடுகிறவனுக்கு?

செவ்வந்தி: அண்ணே, புரிசைக் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானைப் பட்டறைக்கே அழைத்து ஆசிரியராக உட்கார வைத்தார். தெருக்கூத்து என்றாலே முகம் சுளித்த சென்னையில் அதுவே பெரிய காரியம்.

செய்யாற்றுக்காரன்: மரியாதை வேறு, வயிற்றுப்பாடு வேறு தாயி. ஒன்று கேட்கிறேன். கூத்தில் வேஷக்காரன் முதலில் திரைக்குப் பின்னால் நின்றுதான் பாடுவான். ரெண்டு பேர் துணியைப் பிடித்திருப்பார்கள், மேலே கிரீடம் மட்டும் தெரியும். முகவீணை என்ற ஊதுகருவியின் ஒலி ஏற ஏற கூட்டம் தவிக்கும், அப்புறம்தான் திரை விலகும். அந்தத் தவிப்பை அவருடைய நாடகத்தில் எங்கே காட்டுவீர்கள்?

கடைசிபெஞ்ச்: அப்படிப் போடுங்க!

செவ்வந்தி: கைதட்டாதீர்கள் கடைசிபெஞ்ச், அவர் உங்கள் கட்சியில்லை. அண்ணே, கூத்தை அப்படியே நகல் எடுத்திருந்தால் நீங்களே திட்டியிருப்பீர்கள். அவர் எடுத்துக்கொண்டது நடிகனின் உடம்பையும் குரலையும். கதை நின்றாலும் அவை ஓயாது. வாய்விட்டுப் படியுங்கள், பிறகு வந்து சண்டை போடுங்கள்.

கடைசிபெஞ்ச்: வாய்விட்டுப் படித்தால் வீட்டில் வைத்தியரைக் கூப்பிடுவார்கள். சரி, அவருடைய 'சுவரொட்டிகள்' நாடகம் யாரிடமாவது இருக்கிறதா?

செய்யாற்றுக்காரன்: என்னிடம் இருக்கிறது. திருப்பித் தருகிறவருக்கு மட்டும்.