பெயர் சொல்லாத வட்டாரங்களை நம்பி எழுதலாமா?

சிவப்புமை:
"பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி" என்ற ஒற்றை வரியை நம்பி எந்தச் செய்தியும் அச்சேறக் கூடாது. 2005 மே மாதம் அமெரிக்க வார இதழான நியூஸ்வீக் அப்படித்தான் சறுக்கியது. அமெரிக்க ராணுவத்தின் குவாண்டனாமோ சிறையில் குர்ஆன் அவமதிக்கப்பட்டதை ராணுவ விசாரணை அறிக்கை உறுதிசெய்யும் என்று எழுதினார்கள். ஆதாரம் பெயரில்லாத ஒரே அதிகாரி. அந்த அறிக்கையில்தான் படித்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார் அவர், பிறகு. செய்தியைத் திரும்பப் பெறுவதற்குள் ஆப்கானிஸ்தான் கலவரங்களில் பலர் இறந்துவிட்டார்கள். தகவல் தந்தவர் யாருக்குப் பதில் சொன்னார்?

அச்சுக்கோல்:
அங்கே தவறியது சரிபார்ப்பு. பெயரை மறைத்தது அல்ல. அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலகவைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்கு ரகசியமாகத் தகவல் தந்த மார்க் ஃபெல்ட், எஃப்பிஐ என்ற புலனாய்வு அமைப்பின் இரண்டாம் இடத்தில் இருந்தவர். பெயர் தெரிந்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும். 2005 வரை அவர் பெயர் வெளிவரவில்லை. அவர் சொன்னதை நிருபர்கள் அப்படியே அச்சிடவும் இல்லை. வேறு இடங்களில் கிடைத்ததைச் சரிபார்க்கத்தான் பெரும்பாலும் அவர் பயன்பட்டார்.

சிவப்புமை:
சரிபார்ப்பு என்றால் இன்னொரு பெயரில்லாதவரைக் கேட்பதா? ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகத் தான் வெளியிட்ட செய்திகளைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26 அன்று வெளியிட்ட ஆசிரியர் குறிப்பைப் படியுங்கள். நாடுகடந்து வாழ்ந்த ஈராக்கியர்கள் சொன்னதை அமெரிக்க அதிகாரிகள் ஆர்வத்தோடு உறுதிசெய்தார்கள். கணக்குக்கு இரண்டு தரப்பு. இரண்டுக்குமே வேண்டியிருந்தது சதாமின் வீழ்ச்சி.

அச்சுக்கோல்:
இதை மறுக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: நேரில் பார்த்தீர்களா, ஆவணத்தில் படித்தீர்களா, யாராவது சொன்னார்களா? இருவரும் ஒரே கூட்டத்தில் கேட்டதைச் சொல்கிறார்கள் என்றால் அது ஒரு மூலம்தான். இந்தச் செய்தியால் அவருக்கு என்ன லாபம் என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

பேச்சைத் தொடங்கும் முன்பே சிலவற்றை முடிவுசெய்துகொள்ள வேண்டும். பெயர் மட்டும் மறைப்பா, சொன்ன விஷயமே வெளியே வரக் கூடாதா? அவரை எப்படிக் குறிப்பிடுவது? ஆசிரியர்களில் யாருக்குப் பெயர் தெரியும்? தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் வாக்குறுதி செல்லுமா? கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்பதே இல்லை.

சிவப்புமை:
பொய் சொன்னவரை அம்பலப்படுத்தியே ஆக வேண்டும். வாசகருக்குத்தான் முதல் கடமை.

அச்சுக்கோல்:
பொய் என்றால் பெயர் வெளிவரும் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தால் மட்டும். மினசோட்டாவில் 1982 தேர்தலின்போது ஒரு தரப்பின் பிரசாரத்தில் இருந்த டான் கோஹன், பெயரை வெளியிடக் கூடாது என்ற வாக்கின் பேரில், எதிர்த்தரப்பு வேட்பாளரைப் பற்றிய நீதிமன்றப் பதிவுகளை நிருபர்களிடம் கொடுத்தார். பதிவுகள் உண்மையானவை. நிருபர்கள் கொடுத்த வாக்கை மீறி ஆசிரியர்கள் பெயரை வெளியிட்டார்கள். அவருக்கு வேலை போனது. இழப்பீடு கேட்டு அவர் தொடுத்த வழக்கைப் பேச்சுரிமை தடுக்காது என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆசிரியரைக் கேட்காமல் நிருபர் தனியாக வாக்குக் கொடுக்கவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தாள்மடிப்பு:
இருவரும் பெயரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆள் பிடிபடுவது பெரும்பாலும் வேறு வழியில். 2017இல் தி இன்டர்செப்ட் என்ற அமெரிக்கச் செய்தித்தளம் தனக்குக் கிடைத்த ரகசிய ஆவணத்தின் நகலைச் சரிபார்ப்புக்காக அரசுத் தரப்பிடமே காட்டியது. மடிப்புத் தடத்தை வைத்து அது அச்செடுக்கப்பட்ட தாள் என்று கண்டுகொண்டார்கள். அச்செடுத்தவர்கள் ஆறு பேர்தான். அலுவலகக் கணினியிலிருந்து அந்த ஊடகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது அவர்களில் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் ஊழியர் மட்டுமே. தண்டனை 63 மாதம். மூல நகலை யாரிடமும் காட்டாதீர்கள். தேவையான பகுதியைத் தட்டச்சு செய்து கேளுங்கள். கோப்பை யார், எப்போது உருவாக்கினார் என்று அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மெட்டாடேட்டாவை நீக்குங்கள். அந்த விவரம் மொத்தம் எத்தனை பேருக்குத் தெரியும் என்றும் எண்ணுங்கள். மூன்று பேர் என்றால் "மூத்த அதிகாரி" என்று எழுதுவதே காட்டிக்கொடுப்பதுதான்.

சிவப்புமை:
இந்தப் பாதுகாப்பெல்லாம் சரி, ஏற்கிறேன். ஆனால் ஒருவரின் குணத்தைப் பற்றிப் பெயரில்லாமல் சொல்லப்படும் வசைக்கு இடமே தரக் கூடாது என்பதில் மாற்றமில்லை. ஏபி செய்தி நிறுவன விதியும் அதுதான்: பெயர் மறைப்பு தகவலுக்கு மட்டும், கருத்துக்கு இல்லை.