வேலைக்குப் பிறகு படிப்பு: வீட்டாருக்குரிய நேரத்தை எடுக்காமல் கற்பது எப்படி?

கேள்வி:
கணக்குப் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்கள் வேலையில் பெரும்பகுதி தரவுப் பகுப்பாய்வாக மாறிவிட்டதால், நிரலாக்கம் கற்கத் தொடங்கியிருக்கிறேன். பிள்ளைகள் உறங்கிய பிறகு, இரவு பத்தரை மணிக்கு மேல் அமர்ந்து காணொளிப் பாடங்களைப் பார்க்கிறேன். வாரம் முடிவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்கிப் பார்த்ததில், மகளுடன் ஆற அமரப் பேசக் கிடைத்த ஒரே நாளும் போய்விட்டது. கற்பதைக் கைவிட மனமில்லை. இந்நிலையைக் கடந்தவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஞாயிற்றுக்கிழமையை மகளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படிப்புக்கும் அதுவே நல்லது. ஜெர்மானிய உளவியலாளர் எர்மான் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து 1885இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரே நாளில் 68 முறை படித்துப் பெற்ற பலனை, மூன்று நாள்களுக்குப் பிரித்து 38 முறை படித்தே பெற முடிந்தது. நாள்தோறும் அரை மணி நேரம் போதும். அன்று கற்றவை நினைவில் உறுதிப்பட உறக்கம் உதவுகிறது என்பதால், உறக்கத்தைக் குறைத்துப் படிக்க வேண்டாம்.

மறுமொழி 2:
நேரத்தைப் பிரிப்பதோடு, தனியாகப் படிப்பதையும் விட்டுவிடுங்கள் என்பேன். நானும் இரண்டு ஆண்டுகள் காணொளிகளைப் பார்த்து, புரிந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன். உடன் பணிபுரியும் ஒருவர் "இதை எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்ட நாளில்தான், இரண்டாவது வரியைக்கூட என்னால் விளக்க முடியவில்லை என்று தெரிந்தது. அதன்பின் வாரம் இருமுறை, குறிப்புகளை மூடிவைத்துவிட்டு, கற்றதை ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்கள் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்விலும், மறுபடி மறுபடி வாசித்தவர்களைவிட, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரத்திற்குப் பிறகு அதிகம் நினைவிருந்தது. வாசித்தவர்கள் முந்தியிருந்தது படித்து ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் மட்டுமே. உங்களை இரவில் ஏமாற்றுவதும் அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 3:
மேற்கண்ட இருவருடனும் உடன்படுகிறேன், ஆனால் யாருடைய நேரம் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. அலுவலகத்திற்காகக் கற்பதை வீட்டின் நேரத்தில் ஏன் கற்க வேண்டும்? பணி நேரத்திலேயே, ஊதியத்துடன், கல்விக்காக விடுப்பு தரப்பட வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974இல் 140ஆம் உடன்படிக்கையையே நிறைவேற்றியது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை என்றாலும், வாரத்தில் இரண்டு மணி நேரம் கேட்பது சலுகை கேட்பதாகாது. எந்த மாதாந்திர அறிக்கையை எவ்வளவு விரைவாக முடித்துத் தர முடியும் என்பதையும் எழுதி, அதனுடன் கேளுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் நிரலாக்கம் அறிந்தவர். கணக்கியல்தான் அவருக்குச் சிக்கலாக இருக்கிறது. வயதில் மிக இளையவரிடம் கேட்கத் தயங்கியிருந்தேன். இன்று கேட்டபோது, செவ்வாயும் வெள்ளியும் பணி நேரத்தில் சேர்ந்து படிக்க அவரே இசைந்தார். மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் இருவரும் கையொப்பமிடுகிறோம்.