கிரியேட்டினின் சரியாக இருந்தும் அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு?

தேவி, பட்டர்வொர்த்:
அப்பாவுக்கு வயது 61. இடது சிறுநீர்க்குழாயில் கல் அடைத்துச் சிறுநீரகம் வீங்கியிருப்பதாக அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. சிடி ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. இப்போது வலி இல்லை, ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) சரியான அளவில் இருக்கிறது. இதற்கு மேல் எம்.ஆர்.ஐ. எதற்கு என்று அப்பா முரண்டு பிடிக்கிறார். எனக்கும் விளங்கவில்லை.

ஓய்வுபெற்ற ரேடியோகிராபர், ஜார்ஜ்டவுன்:
அம்மா தேவி, வலி அடங்கியதை நம்பாதீர்கள்; கிரியேட்டினினையும் நம்பாதீர்கள். ஒரு சிறுநீரகம் படுத்துவிட்டால் மற்றது அதன் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ரத்தப் பரிசோதனை இரண்டுக்கும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும். அல்ட்ராசவுண்ட் வீக்கத்தைக் காட்டும். உள்ளே திசு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைச் சொல்லாது.

கல்லைப் பிடிப்பதில் சிடிதான் கெட்டி. எம்.ஆர்.ஐ.யில் கல், வெண்மையான சிறுநீருக்கு நடுவே வெறும் கறுப்புப் புள்ளியாகத்தான் நிற்கும். ஆனால் காடோலினியம் என்ற, படத்தில் துலங்கித் தெரியும் மருந்தை ஊசியில் செலுத்தி எடுத்தால், மருந்து ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறி வடிவதைப் பார்த்து, இடது எவ்வளவு உழைக்கிறது, வலது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். ஊசி இல்லாமலும் வழி உண்டு. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று அளப்பார்கள். தழும்பு விழுந்த திசுவில் நகர்வு குறையும். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தத் தன்மை உண்டு. அதை வைத்துச் சிறுநீரகத்தின் ஆக்சிஜன் நிலையையும் கணிக்கிறார்கள். இவ்விரண்டும் பெரும்பாலும் ஆய்வுகளில்தான் பயன்படுகின்றன. அறிக்கையில் எதிர்பார்க்க வேண்டாம்.

படம் எடுக்கும்போது ‘தாரிக் நாபாஸ், தஹான்’ (மூச்சை இழுங்கள், அடக்குங்கள்) என்று மலாயில் குரல் வரும். மூச்சை அடக்காவிட்டால் சிறுநீரகம் ஏறி இறங்கிப் படம் கலங்கிவிடும். அப்பாவை இன்றே பழகச் சொல்லுங்கள். அரைஞாணில் தாயத்து இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அந்த அறை வாசலில் அதற்காக மன்றாடிய பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

கலா, செந்தூல்:
நான் டயாலிசிஸ் பிரிவில் தாதி. காடோலினியம் என்றதும் பயப்பட வேண்டாம், ஆனால் கேளுங்கள். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்குத் தோல் இறுகும் நோய் வருவதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பது 2006-இல் தெரியவந்தது. சிறுநீரகம் வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR) 30-க்குக் கீழே போனவர்களிடம்தான் அதிகக் கவனம் தேவை. இப்போதைய மருந்து வகைகளில் ஆபத்து மிகக் குறைவு. எங்கள் நோயாளிகள் சிலருக்கு இதே கேள்விக்கு அணு மருத்துவப் பிரிவில் ரெனோகிராம் (சிறிதளவு கதிரியக்க மருந்து செலுத்தி ஒவ்வொரு சிறுநீரகத்தின் வேலையையும் அளக்கும் ஸ்கேன்) எடுத்தார்கள். அதுவும் நல்ல வழிதான்.

தேவி:
ஐயா, அக்கா, மிக்க நன்றி. அப்பா சம்மதித்துவிட்டார். ஆனால் அடுத்த மாதம்தான் நாள் கொடுத்திருக்கிறார்கள். காத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற ரேடியோகிராபர், ஜார்ஜ்டவுன்:
அடைப்பு இன்னும் இருக்கிறதென்றால் சும்மா காத்திருக்காதீர்கள், அம்மா. நாளைக் காலையிலேயே கிளினிக்கை அழைத்து, முதலில் சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்துச் சிறுநீரை வடிக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்கேனுக்காக அடைப்பை வளர்க்கக் கூடாது. குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் நின்றாலோ, நடு இரவானாலும் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.